உருது இலக்கியச் சொற்களும் மொழிபெயர்ப்பு உரிமையும்: ஒரு வாசகிக்குப் பதில்

வாணியம்பாடியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். வீட்டில் பேசுவது தக்காணத்து வழக்கான தக்னி உருது, படித்தது முழுக்கத் தமிழ்வழி. உருது எழுத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வருமாம். சிறு பதிப்பகம் ஒன்று, உருதுச் சிறுகதைகளும் கஜல் என்னும் ஈரடிக் கவிதைகளும் அடங்கிய தொகுப்பைத் தமிழில் செய்து தரும்படி அவரிடம் கேட்டிருக்கிறது. பின்னிணைப்பாக இலக்கியக் கலைச்சொல் பட்டியலும் வேண்டுமாம். ஆங்கிலம்-உருது அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு ஆங்கிலம், உருது, தமிழ் என்று மூன்று பத்திகளில் பட்டியல் போட்டிருக்கிறார். மெய்ப்புப் பார்ப்பவர் பாதிச் சொற்களைச் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"லிட்டரேச்சர் என்றால் அதப், அதப் என்றால் இலக்கியம். இதில் எங்கே தவறு?" என்பது அவருடைய முதல் கேள்வி. உருது மெதுவாகத்தான் வாசிக்க வருவதால் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்தே தமிழாக்கலாமா, மறைந்த எழுத்தாளர்களின் படைப்புகளுக்கு அனுமதி தேவையா, அகராதியிலிருந்து பட்டியல் எடுப்பது குற்றமா என்பவை மற்ற மூன்று. "எங்கள் வீட்டு உருது சுத்தமானதில்லை. நான் இந்த வேலைக்குத் தகுதியா?" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

அன்புச் சகோதரி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். தக்னி கொச்சை உருது அல்ல. வடக்கே உருதுக் கவிதை வேரூன்றும் முன்பே கோல்கொண்டாவில் மன்னர் முகம்மது குலி குதுப் ஷா தன் 'திவான்' (கவிதைத் தொகுப்பு) எழுதியது இந்த மொழியில்தான். வஜ்ஹியின் உரைநடை நூல் 'சப்ரஸ்' 1635-இல் வந்ததும் இதில்தான். தில்லி, லக்னோ நடையோடு உங்கள் பேச்சு சில இடங்களில் வேறுபடும். நீங்கள் 'நக்கோ' என்று சொல்லும் இடத்தில் புத்தகத்தில் 'நஹீ' அல்லது 'மத்' என்று இருக்கும். அதற்கு மேல் பெரிய தடை ஒன்றும் இல்லை. வாக்கியத்தின் ஓட்டத்தைக் காதால் பிடிக்கத் தெரிந்தவர் நீங்கள். ஆங்கிலம் வழியாக வருகிறவருக்கு அது கிடைக்காது. உங்கள் பட்டியல் தடுமாறியதும் உருது தெரியாததால் அல்ல, நடுவில் ஆங்கிலத்தை நிறுத்தியதால்தான்.

அதப், லிட்டரேச்சர், இலக்கியம்

'லிட்டரேச்சர்' என்ற ஆங்கிலச் சொல், எழுத்து என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. அச்சாகிக் கிடப்பது எதையும் அது தழுவும். 'மெடிக்கல் லிட்டரேச்சர்' என்றால் மருத்துவ ஆய்வு நூல்களும் கட்டுரைகளும். கட்சி அலுவலகம் கொடுக்கும் துண்டறிக்கையும் ஆங்கிலத்தில் லிட்டரேச்சர்தான். 'அதப்' அரபியிலிருந்து வந்த சொல். நன்னடத்தை, பண்பு, பயிற்சியால் வரும் நாகரிகம் என்பதிலிருந்து வளர்ந்து, அந்தப் பண்பைத் தரும் எழுத்து என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. உங்கள் ஊர்த் தமிழ் முஸ்லிம்கள் பெரியவர்கள் முன் 'அதபா' நடந்துகொள்ளச் சொல்வதும் இதே சொல்லைத்தான். 'பே-அதப்' என்றால் மரியாதையற்றவர். இலக்கியம் தெரியாதவர் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. பன்மையான 'ஆதாப்' முறைமைகளைக் குறிக்கும், முகமன் சொல்லவும் பயன்படும்.

ஆகவே கதை, கவிதை, விமர்சனம் பற்றிய பேச்சில் அதப் என்றால் இலக்கியம் என்பது சரி. மற்ற இடங்களில் வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று: உருதுக்காரர்களே 'லிட்ரேச்சர்' என்ற ஆங்கிலச் சொல்லை உருது எழுத்தில் எழுதுவதுண்டு. பெரும்பாலும் ஓர் இயக்கத்தின் பிரசுரங்களை, பரப்புரை வெளியீடுகளை அது சுட்டும். நீங்கள் மொழிபெயர்க்கும் முன்னுரையில் அப்படி வந்தால் 'இலக்கியம்' என்று போடாதீர்கள். 'வெளியீடுகள்' போதும்.

மெய்ப்புப் பார்த்தவர் அதிகம் சுழித்திருப்பது அடுத்த நான்கு சொற்களில். ஆங்கிலத்தில் லிட்டரேச்சர், லிட்டரரி, லிட்டரேட், லிட்டரல் நான்கும் ஒரே வேர். அதை நம்பி உருதுப் பத்தியிலும் நான்கையும் 'அதப்' குடும்பத்தில் சேர்த்துவிட்டீர்கள். இலக்கியம் சார்ந்தது 'அதபீ', அது சரி. எழுதப் படிக்கத் தெரிந்தவர் 'காந்தா' (எழுதும்போது 'வாவ்' என்ற எழுத்து இருக்கும், உச்சரிப்பில் வராது), எழுத்தறிவு 'காந்தகீ'. சொல்லுக்குச் சொல்லான பொருள் 'லஃப்ஸீ'. 'அதீப்' எழுத்தாளர், அதுவும் இலக்கிய எழுத்தாளர். எழுத்தறிவு பெற்றவரை அதீப் என்று நீங்கள் எழுதியிருப்பதை மாற்றிவிடுங்கள்.

சில சொற்களுக்குத் தமிழில் நேர் இணையே இருக்கிறது. 1936-இல் லக்னோவில் முதல் மாநாடு கூடிய இயக்கத்தின் 'தரக்கீ பசந்த் அதப்' நம் முற்போக்கு இலக்கியம். முஷாயிரா கவியரங்கம். தன்கீத் விமர்சனம், தப்ஸிரா மதிப்புரை, சஃபர்நாமா பயண நூல், ஆப்-பீத்தீ தன்வரலாறு. இவற்றில் தயக்கம் வேண்டாம்.

கவிதைச் சொற்கள்

இங்கே நிதானமாகப் பாருங்கள். 'நஸ்ம்' என்ற சொல்லுக்குப் 'பாடல்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நஸ்முக்கு இரண்டு பொருள். 'நஸ்ர்' அதாவது உரைநடைக்கு எதிராக வரும்போது செய்யுள் அனைத்தும் நஸ்ம். கஜலுக்கு எதிராக வரும்போது ஒரே பொருளைத் தொடர்ந்து சொல்லும் கவிதை மட்டுமே நஸ்ம். கஜல் அப்படித் தொடராது. அதன் ஒவ்வொரு ஈரடியும் தனித்து நிற்கும்.

'ஆஸாத் நஸ்ம்' அடுத்த சறுக்கல். ஆங்கில அகராதி 'ஃப்ரீ வெர்ஸ்' என்று தருவதால் நீங்கள் 'யாப்பற்ற கவிதை' என்று எழுதிவிட்டீர்கள். ஆஸாத் நஸ்மில் வரிகள் நீண்டும் குறுகியும் வரும், ஆனால் 'ருக்ன்' என்னும் சீர் மாறாது. ஒரு வரியில் நான்கு முறை, அடுத்ததில் இரண்டு முறை என்று எண்ணிக்கை மட்டுமே மாறும். கவிஞர்கள் மீராஜியும் நூன் மீம் ராஷிதும் நிலைநிறுத்திய வடிவம் இதுதான். சந்தமே இல்லாதது 'நஸ்ரீ நஸ்ம்'. நம் வசன கவிதைக்கும் சந்தம் துறந்த புதுக்கவிதைக்கும் இணை அதுதான். அடியின் இறுதியில் ஒலி ஒன்றிவரும் இயைபு இல்லாமல் சந்தம் மட்டும் உள்ளது 'நஸ்ம்-ஏ-முஅர்ரா'. மூன்றையும் பட்டியலில் தனித்தனியே கொடுங்கள்.

காஃபியாவை 'எதுகை' என்று போட்டிருக்கிறீர்கள். நம் எதுகை இரண்டாம் எழுத்தில் நிற்பது. காஃபியா அடியின் இறுதிப் பக்கம் வருவது, அதனால் 'இயைபு' பொருத்தம். காஃபியாவுக்குப் பிறகு மாறாமல் திரும்பத் திரும்ப வரும் சொல் அல்லது சொற்றொடர் 'ரதீஃப்'. எளிதில் விளங்க, காலிபின் புகழ்பெற்ற கஜல் ஒன்றின் முதல் ஈரடியைப் பாருங்கள்:

தில்-ஏ-நாதாஞ் துஜே ஹுவா க்யா ஹை
ஆகிர் இஸ் தர்த் கீ தவா க்யா ஹை

'க்யா ஹை' ரதீஃப். அதற்கு முன் நிற்கும் ஹுவா, தவா இரண்டும் காஃபியா. இரண்டு அடியிலும் இவை வருவதால் இது 'மத்லா', அதாவது தொடக்க ஈரடி. அடுத்தடுத்த ஈரடிகளில் இரண்டாம் அடியில் மட்டும் வந்தால் போதும். கவிஞரின் புனைபெயரான 'தகல்லுஸ்' இடம்பெறும் கடைசி ஈரடி 'மக்தா'.

உங்கள் தமிழாக்கத்தில் 'உன் பிரச்சினை என்ன, அறியாத இதயமே' என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் கேள்விச்சொல் முன்னால் வரும். அதைப் பார்த்தே எழுதியதால் 'என்ன' அடியின் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. உருதுவிலும் தமிழிலும் கேள்வி கடைசியில் வந்து நிற்பது இயல்பு. நேரே உருதுவிலிருந்து வந்தால் ரதீஃப் தானாகவே அமைகிறது:

பேதை நெஞ்சே, உனக்கு நேர்ந்தது என்ன?
இந்த நோவுக்கு இனி மருந்து என்ன?

'என்ன' ரதீஃப். நேர்ந்தது, மருந்து என்பவற்றின் 'து' காஃபியா. மூலத்திலும் ஹுவா, தவா இரண்டுக்கும் பொது அந்த நெடில் 'ஆ' மட்டுமே, எனவே இந்த அளவு ஒப்புமை போதும். அடுத்த ஈரடி 'ஹம் ஹை முஷ்தாக் அவுர் வோ பேஸார் / யா இலாஹீ யே மாஜ்ரா க்யா ஹை'. இதில் 'வோ' ஆணா பெண்ணா என்று உருது சொல்லவில்லை. கஜல் மரபில் காதலுக்குரியவரை இலக்கணப்படி ஆண்பாலில் வைப்பதே பெருவழக்கு. நீங்கள் 'அவள்' என்று முடிவு செய்துவிட்டீர்கள். வினையைத் தவிர்த்தால் பாலையும் தவிர்க்கலாம்:

எனக்கோ தீராத ஏக்கம், அங்கோ சலிப்பு;
இறைவா, இங்கே நடப்பது என்ன?

மக்தாவில் காலிப் தன்னையே ஒன்றுமில்லாதவன் என்று சொல்லிக்கொள்கிறார்: 'காலிப் ஒன்றுமில்லாதவன்தான், ஒப்புக்கொண்டேன்; இலவசமாய்க் கிடைத்தால் கெடுவது என்ன?' எல்லாக் கஜலும் இப்படி இணங்கிவராது. இணங்காதபோது ரதீஃபைக் காப்பாற்றுங்கள், காஃபியாவை விட்டுவிடலாம். கேட்பவர் காதில் முதலில் தங்குவது ரதீஃப்தான். கஜலைத் தமிழில் எழுதிக்காட்டிய கவிக்கோ அப்துல் ரகுமான் உங்கள் ஊர் இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். தமிழ்க் கஜலின் மூச்சு பிடிபட அவரை வாசியுங்கள்.

நீங்கள் கஜல்களுக்குத் தலைப்பு வைத்திருப்பது ஆங்கிலத் தொகுப்புகளைப் பார்த்துப் பழகியது. கஜலுக்குத் தலைப்பு கிடையாது. முதல் அடியே அடையாளம். திவான்களில் ரதீஃபின் கடைசி எழுத்தை வைத்து அகரவரிசைப்படுத்துவது மரபு. உங்கள் பொருளடக்கத்திலும் முதல் அடியையே கொடுங்கள்.

ஈரடியைக் குறிக்கும் 'ஷேர்' தமிழ் எழுத்தில் சிங்கம் என்ற 'ஷேர்' போலவே விழுகிறது, பங்குச்சந்தை ஷேரும் நினைவுக்கு வரும். முதலிடத்தில் ஒருமுறை விளக்கிவிட்டு, பிறகு 'ஈரடி' என்றே எழுதுங்கள். ருபாயி வெறும் நாலடி அல்ல. அதற்கென்று குறிப்பிட்ட சந்தங்கள் உண்டு, முதல், இரண்டாம், நான்காம் அடிகள் இயையும். அந்தச் சந்தம் இல்லாத நாலடி 'கித்ஆ'. 'மர்ஸியா'வை 'இரங்கற்பா' என்று மட்டும் போட்டால் லக்னோக் கவிஞர்கள் அனீஸும் தபீரும் எழுதியவை தெரியாமல் போகும். லக்னோ மர்ஸியா, நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலா நிகழ்வைப் பாடுவது, ஆறடிக் கண்ணிகளால் ஆனது, போர்க்களக் காட்சியும் குதிரை, வாள் வருணனையும் அதில் விரிவாக வரும். ஒரு நண்பருக்கோ ஆசிரியருக்கோ பாடும் இரங்கல் 'ஷக்ஸீ மர்ஸியா'. அதற்கு இரங்கற்பா சரி.

கதைச் சொற்கள்

இங்கே சிக்கல் குறைவு. 'அஃப்ஸானா' நம் சிறுகதை. 'அஃப்ஸான்சா' குறுங்கதை. 'நாவில்' நாவல். 'தாஸ்தான்' வாய்மொழியாகச் சொல்லப்பட்ட நெடுங்கதை. அமீர் ஹம்ஸா தாஸ்தானை லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 46 தொகுதிகளாக வெளியிட்டது. அதை 'நாவல்' என்று எழுதுவது பிழை. 'கிஸ்ஸா'வுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. கிஸ்ஸா, நாமா, மசலா, முனாஜாத்து எல்லாம் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் சிற்றிலக்கிய வகைகளாகவே இருக்கின்றன. 'இன்ஷாயியா' மனப்போக்கில் எழுதும் கட்டுரை, 'மகாலா' ஆய்வுக் கட்டுரை. 'மஸ்மூன்' கட்டுரையும்தான், ஆனால் கஜல் பற்றிய பேச்சில் பாடுபொருள் என்று பொருள்.

எதிலிருந்து மொழிபெயர்ப்பது

உருதுவிலிருந்துதான். வழி சொல்கிறேன். சரளமாக வாசிப்பவர் ஒருவரைக் கதையை உரக்கப் படிக்கச் சொல்லி அலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அச்சுப் பிரதியைக் கண்முன் வைத்து, கேட்டுக்கொண்டே முதல் வரைவை எழுதுங்கள். வரைவு முடிந்த பிறகு ஆங்கில மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க மட்டும் திறங்கள். சரிபார்ப்பு கட்டாயம் தேவை. உருது அச்சில் குறில் உயிர்க்குறிகள் பெரும்பாலும் இடப்படுவதில்லை. மீம், லாம், காஃப் என்ற மூன்றெழுத்தை 'முல்க்' என்று வாசித்தால் நாடு, 'மலிக்' என்றால் அரசன், 'மலக்' என்றால் வானவர், 'மில்க்' என்றால் உடைமை. எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது தவறுவது இங்கேதான்.

அகராதியின் திசையையும் மாற்றுங்கள். ஆங்கிலம்-உருது அகராதி ஆங்கிலத்திலிருந்து உருதுவுக்குப் போகிறவருக்கானது. உங்களுக்கு வேண்டியது உருது-ஆங்கிலம். 1884-இல் வந்த பிளாட்ஸ் அகராதி இன்றும் பயன்படும். பழைய வழக்குகளுக்கு உருது-உருது அகராதியான ஃபர்ஹங்-ஏ-ஆசஃபிய்யா. கஜல்களுக்கு ரேக்தா இணையதளத்தில் உருது, தேவநாகரி, ரோமன் மூன்று எழுத்திலும் பாடம் கிடைக்கும். சொல்லைத் தொட்டால் பொருளும் வரும்.

உரிமை யாரிடம்

"பழைய எழுத்தாளர், அதனால் எல்லோருக்கும் பொது" என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் பார்ப்பது இறந்த ஆண்டை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். மொழிபெயர்க்கும் உரிமையும் அதில் அடக்கம். உங்கள் எழுத்தாளர் பட்டியலில் காலிப் (மறைவு 1869), பிரேம்சந்த் (1936), இக்பால் (1938) மூவரின் படைப்புகளும் எல்லோருக்கும் பொது. மண்ட்டோ 1955-இல் மறைந்தார், 2016 ஜனவரி 1 முதல் அவரும் பொது. கிருஷண் சந்தர் 1977-இல் மறைந்தவர், 2037 முடியும் வரை உரிமை உண்டு. ராஜிந்தர் சிங் பேடி 2044 வரை, இஸ்மத் சுக்தாய் 2051 வரை, குர்ரத்துலைன் ஹைதர் 2067 வரை. ஆசிரியர் மறைந்த பிறகே முதன்முதலாக வெளிவந்த படைப்புக்கு, வெளிவந்த ஆண்டிலிருந்து கணக்கு.

மண்ட்டோ பொது என்பதால் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பும் பொது ஆகிவிடாது. மொழிபெயர்ப்பு தனிப் படைப்பு, அதன் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கோ அவரிடம் பெற்றவருக்கோ உரியது. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினால் அவரிடம் எழுத்துமூல அனுமதி வேண்டும், நூலில் 'ஆங்கிலம் வழி' என்றும் அச்சிட வேண்டும். பத்து விழுக்காடு வரை எடுக்கலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தில் அப்படி அளவு எதுவும் இல்லை. விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் நியாயமான அளவு மேற்கோள் காட்டலாம், முழுக்கதையை அந்த விலக்கில் கொண்டுவர முடியாது.

உரிமை உள்ள எழுத்தாளருக்கு முதலில் உருதுப் பதிப்பாளருக்கு எழுதுங்கள், வாரிசுகள் யாரென்று அங்கே தெரியவரும். எவ்வளவு தேடியும் உரிமையாளர் கிடைக்காவிட்டால், சட்டத்தின் 31-ஏ பிரிவின்படி வணிக நீதிமன்றத்தில் உரிமம் கேட்கலாம். அதற்கு ஓர் ஆங்கில நாளிதழிலும், தமிழாக்கம் என்பதால் ஒரு தமிழ் நாளிதழிலும் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். செலவும் காலமும் பிடிக்கும் வழி அது. ஒரு கதைக்காக அதில் இறங்க வேண்டாம் என்பேன். முதல் தொகுப்பை உரிமைக்காலம் முடிந்த படைப்புகளை வைத்தே முடித்துவிடுங்கள், சுக்தாயின் கதையை அடுத்ததற்கு வைத்துக்கொள்ளலாம்.

அகராதிப் பட்டியல் பற்றிக் கேட்டீர்கள். சட்டத்தில் 'இலக்கியப் படைப்பு' என்பதற்கு அழகும் தரமும் அளவுகோல் அல்ல. அட்டவணைகள், தொகுப்புகள், கணினி நிரல்கூட அந்தச் சொல்லுக்குள் வரும். எனவே உரிமைக்காலம் முடியாத அகராதியின் விளக்கங்களை வரிக்கு வரி எடுத்தால் அது மீறல். 'கஜல்' என்ற சொல்லோ அதன் பொருளோ யாருக்கும் சொந்தமில்லை. விளக்கத்தை உங்கள் வாக்கியத்தில், உங்கள் தொகுப்பிலிருந்தே உதாரணம் காட்டி எழுதுங்கள். ஆங்கிலப் பத்தியை எடுத்துவிடுங்கள். உருதுச் சொல், தமிழ் ஒலிபெயர்ப்பு, இரண்டு வரித் தமிழ் விளக்கம் போதும். மெய்ப்புப் பார்ப்பவரின் சுழிப்பில் பெரும்பகுதி அப்போதே காணாமல் போகும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

நீங்கள் இணைத்திருந்த ஒப்பந்த வரைவில் "அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கு" என்ற வரி இருக்கிறது. காலமும் எல்லையும் குறிக்கப்படவில்லை. குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்று 19-ஆம் பிரிவு கொள்கிறது. அதை நம்பியிருக்காமல் எழுத்திலேயே கேளுங்கள்: எத்தனை ஆண்டு, அச்சு மட்டுமா, மின்னூலும் ஒலிநூலும் சேர்த்தா, ஒவ்வொன்றுக்கும் என்ன தொகை. தலைப்புப் பக்கத்தில் உங்கள் பெயர் வர வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஏழாம் ஷரத்தை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்றாமவர் யாராவது உரிமை கோரினால் இழப்பு முழுவதும் உங்கள் தலையில் என்கிறது அது. மூலப் படைப்பின் அனுமதி பெறுவது பதிப்பகத்தின் பொறுப்பு என்றும், மொழிபெயர்ப்பு உங்கள் சொந்த ஆக்கம் என்பதற்கு மட்டுமே நீங்கள் உறுதி தருகிறீர்கள் என்றும் திருத்தி அனுப்புங்கள். அவர்கள் மறுத்தால், கையெழுத்துப் போடும் முன் வரைவை ஒரு பதிப்புரிமை வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.